கார்ப் குறைத்தும் தொப்பை போகவில்லை, கைதான் இளைத்தது. ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வயது 34, உயரம் 170 செ.மீ., உட்கார்ந்த இடத்தில் வேலை. சோறு, இட்லியை ஒதுக்கும் பேலியோ டயட் மாதிரி ஒன்றைத் தொடங்கி, 76 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் தொப்பை பெரிதாக அசையவில்லை, கையும் தோளும் வற்றிப்போய், பார்ப்பவர்கள் "உடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கிறார்கள். ஜிம் ட்ரெய்னர் வே புரோட்டீன், கிரியாட்டின், பி.சி.ஏ.ஏ., எல்-கார்னிடின், ஒரு ஃபேட் பர்னர் என ஐந்து டப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் வேண்டுமா, சர்க்கரை நோய் இருக்கும் அப்பாவும் இந்த டயட்டில் சேரலாமா என்று கேட்கிறீர்கள்.

கார்ப், அதாவது மாவுச்சத்து, குறைத்தது தவறில்லை. சோற்றை எடுத்த இடத்தில் புரதம் வந்து உட்காரவில்லை, கூடவே எடை தூக்குவதையும் விட்டுவிட்டீர்கள். பிரச்சினை அங்கேதான். ஐந்து டப்பாவில் ஒன்றை வாங்கலாம், ஒன்று வசதிக்கு, மூன்றைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

முதலில் அந்த 4 கிலோவைப் பார்ப்போம். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும். ஒரு சராசரி ஆணுக்குத் தசையில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் சில நாளில் இந்த இருப்பு இறங்கும், தண்ணீரும் கூடவே போகும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிக உப்பை வெளியே தள்ளும். அதன் பின்னாலும் தண்ணீர் போகும். முதல் வாரத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அது இந்த உப்பு இழப்புதான். இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தாலே பாதி சரியாகும்.

ஆக 4 கிலோவில் ஒன்றரை, இரண்டு கிலோ தண்ணீராக இருக்க வாய்ப்பு அதிகம். கை வற்றித் தெரிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. கிளைகோஜன் இல்லாத தசை தட்டையாகத்தான் தெரியும். அதனால் போன தசையெல்லாம் உண்மையிலேயே கரைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் கொஞ்சம் கரைந்திருக்கும். ஏன் என்பதற்கு நீங்கள் எழுதிய சாப்பாட்டுப் பட்டியலே சாட்சி.

காலையில் 100 பாதாம். மதியம் கீரை, இரண்டு பொரியல், கொஞ்சம் பன்னீர், நெய். இரவு இரண்டு முட்டை ஆம்லெட். பாதாமில் 23 கிராம் புரதம் கிடைக்கும், கூடவே 600 கலோரிக்கு மேல் வரும். 50 கிராம் பன்னீரில் 9 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், காய்கறியில் ஒரு ஏழெட்டு கிராம். மொத்தம் 50 கிராமைச் சுற்றி நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சாதாரண ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. உங்களுக்கு அது 60 கிராம். எடை குறைக்கிற நேரத்தில், தசையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இந்த 60 போதவே போதாது.

நம் சமையலின் அமைப்பே இப்படித்தான். சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று சொல்வோம்; ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை பருப்பு மிதக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். சோற்றை எடுத்துவிட்டால் அந்தத் தட்டில் மிஞ்சுவது காய், புளிக்குழம்பு, அப்பளம். சென்னை டாக்டர் மோகன் குழுவினர் செய்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் 2025 முடிவுகளில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும் புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்றும் வந்தது. 2200 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஒரு நாளைக்கு 340 கிராம் மாவுச்சத்து. மேற்கத்திய டயட் புத்தகத்தைப் படித்து 'ரொட்டியை எடு' என்று செய்யும்போது அவர்கள் தட்டில் ஒரு பெரிய இறைச்சித் துண்டு மிஞ்சும். நம் தட்டில் மிஞ்சாது. அதை நாம் தனியாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

தொப்பை விஷயத்துக்கு வருகிறேன். எடை மெஷின் நமக்குச் சரியாக வழிகாட்டாது என்பதற்கு மருத்துவ உலகில் பிரபலமான ஒரு படம் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம், 2004இல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரு மடங்குக்கும் மேல் கொழுப்பு. ஒல்லியான கை கால், நடுவில் தொப்பை என்கிற நம் ஊர் உடம்பின் கதை அதுதான். இதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இப்படிப்பட்ட உடம்போடு, தசையே குறைவாக இருக்கிற ஆள், புரதம் இல்லாமல் பட்டினி மாதிரி ஒரு டயட் இருந்தால் என்ன ஆகும்? மெலிந்த தொப்பைக்காரர் ஆவார். எடை 68க்கு வந்தாலும் சட்டையைக் கழற்றினால் பழைய ஆள்தான். எனவே உங்கள் இலக்கு "இன்னும் 5 கிலோ" என்று இருக்கக் கூடாது. எடை இதே 72இல் நின்றாலும் பரவாயில்லை, இடுப்பு இறங்க வேண்டும், தூக்குகிற எடை ஏற வேண்டும்.

கார்ப் குறைத்தால் கொழுப்பு தனியாக, மாயமாக எரியும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 17 ஆண்களை வார்டிலேயே தங்கவைத்து, முதல் நான்கு வாரம் மாவுச்சத்து அதிகமான உணவும், அடுத்த நான்கு வாரம் அதே கலோரியில், மாவுச்சத்தை மிகவும் வெட்டிய கீட்டோ உணவும் கொடுத்தார். 2016இல் வந்த முடிவு: இன்சுலின் நன்றாக இறங்கியது, கொழுப்பு இழப்பு மட்டும் வேகமெடுக்கவில்லை. வார்டுக்கு வெளியே, சொந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தது ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் நடத்திய ஆய்வு. 609 பேர், 12 மாதம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் கார்பைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால் எதற்கு லோ-கார்ப்? பசி அடங்குகிறது, அதுதான் பெரிய காரணம். புரதமும் காயும் வயிற்றில் நிற்கும். மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்வதும், நாலு மணி டீயோடு பிஸ்கட்டும், ஒரே விதியில் நின்றுபோகும். சர்க்கரை ஏறும் உடம்புக்கு இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் நன்றாக இறங்கும். எங்கள் ஆட்களுக்கு இது வசதியான வழி என்பது என் கருத்து. ஆனால் கீட்டோ அளவுக்கு, அதாவது 50 கிராமுக்குக் கீழே போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. 340இல் இருப்பவர் 120, 130 கிராமுக்கு வந்தாலே அது பெரிய இறக்கம். அதில் எடை தூக்கவும் தெம்பு இருக்கும், கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்காரவும் முடியும்.

(சிறுதானியத்துக்கு மாறினால் லோ-கார்ப் ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசியில் நூற்றுக்கு 78 பங்கு மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 70ஐ ஒட்டி. நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், நல்ல உணவு. ஆனால் அளவில்லாமல் களி சாப்பிட அது அனுமதிச் சீட்டு இல்லை.)

தசை-கொழுப்பு விகிதத்தை உண்மையில் மாற்றுவது எது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸின் குழு, 2016. 40 இளைஞர்கள். தேவையில் 40 சதவீதம் கலோரியை வெட்டி, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி, நான்கு வாரம். ஒரு பாதிக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறு பாதிக்கு 2.4 கிராம். அதிகம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ மெலிந்த எடையை (கொழுப்பு நீங்கலான எடை, அதில் முக்கியமானது தசை) கூட்டினார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், மெலிந்த எடை 0.1 கிலோ, அதாவது கிட்டத்தட்ட அப்படியே. அவர்கள் செய்தது கொடூரமான பயிற்சி, அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கவனிக்க வேண்டியது, இரு பக்கமும் ஒரே பட்டினி, ஒரே உழைப்பு. வித்தியாசம் புரதம் மட்டும்.

எடைப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசை வளர்ச்சிக்குக் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் சராசரியாகப் பெரிய பயன் இல்லை என்று வந்தது. 72 கிலோவுக்கு அது 115 கிராம். நீங்கள் இப்போது இருக்கும் 50ஐ இரு மடங்குக்கு மேல் ஆக்க வேண்டும். பயமாகத் தெரியும், ஆனால் முட்டை மீன் சாப்பிடுகிறவருக்கு முடியாத காரியம் இல்லை. காலையில் நான்கு முட்டை, 24 கிராம். மதியம் சமைப்பதற்கு முன் எடைபோட்டு 150 கிராம் மீனோ கோழியோ, 30 கிராமுக்கு மேல். அதோடு ஒரு கப் சோறு, இரண்டு பொரியல். சாயங்காலம் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், 10 கிராம். இரவு 100 கிராம் பன்னீர், 18 கிராம், ஒரு கிண்ணம் தயிர், 7 கிராம். இதுவே 90 தாண்டிவிட்டது. அசைவம் இல்லாத நாளில் மீல்மேக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த 50 கிராமில் 26 கிராம் புரதம், மாவுச்சத்தும் குறைவு, விலையும் மலிவு. அதைச் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வளரும் என்பது வாட்ஸ்அப் மருத்துவம். சாதாரண அளவில் சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. 100 பாதாமை 20 ஆக்குங்கள். பாதாம் கொழுப்பு உணவு, புரத உணவு இல்லை.

புரதத்தை ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுக்காது. ஆனால் நம் ஊரில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வெளியே தெரியாமலே சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும் ஆட்கள் நிறைய. அப்படியே எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பும் பார்த்துவிடுங்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஊற்றும் லோ-கார்பில் சிலருக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, எல்.டி.எல். கன்னாபின்னாவென்று ஏறும். "டயட்டில் ஏறினால் ஆபத்து இல்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பயிற்சி பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் நடப்பதை அரை மணி ஆக்கி, வாரம் மூன்று நாள் எடை தூக்குங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், நெஞ்சுக்கு ஒரு பிரஸ், முதுகுக்கு ஒரு ரோ, தோளுக்கு ஒன்று. கடைசி ஒன்றிரண்டு முறை தூக்கத் திணற வேண்டும், வாரா வாரம் கொஞ்சமாவது எடையோ எண்ணிக்கையோ கூட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கும் இடையில் விட்டவருக்கும் கொழுப்பு இறங்கும்போதே தசை ஏறுகிற பாக்கியம் உண்டு. பல வருடம் தூக்கியவருக்கு அது எளிதில் கிடைக்காது.

சரி, டப்பாக்கள்.

வே புரோட்டீன் என்பது பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுத்துக் காயவைத்த பொடி. மருந்தும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. மேலே போட்ட கணக்கில் விட்டுப்போன 24 கிராமை ஒரு ஸ்கூப் நிரப்பும். நான்கு முட்டையும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும், ஆனால் அலுவலகத்தில் முட்டை வேகவைக்க முடியாது. அதனால்தான் வசதிக்கு என்றேன். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பினால் ஐசொலேட் வகை பாருங்கள், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. வாங்குவதில்தான் கவனம். கேரளத்து மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. ஆகவே வெளி ஆய்வகச் சோதனை முடிவை பேட்ச் எண்ணோடு காட்டும் பொருளை வாங்குங்கள். பொருட்பட்டியலில் ஏகப்பட்ட மூலிகை இருந்தால் வேண்டாம். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருந்தால், நைட்ரஜனை வைத்துப் புரதத்தை அளக்கும் சோதனையில் அளவை ஏற்றிக் காட்டும் வித்தையாக அது இருக்கலாம். மாஸ் கெய்னர் பக்கம் போகவே வேண்டாம், அது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. கார்ப் குறைப்பவர் காசு கொடுத்து மாவு வாங்குவதாக ஆகும்.

கிரியாட்டின்தான் வாங்கத் தகுந்த அந்த ஒன்று. நம் உடம்பே கல்லீரல், சிறுநீரகம் வழியாகத் தினமும் ஒரு கிராம் அளவுக்குச் செய்துகொள்கிறது. மீன், இறைச்சியிலும் இருக்கிறது. கனமாகத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் தசைக்கு ஆற்றலைத் திரும்ப நிரப்பிக் கொடுப்பது இதன் வேலை. வெளியிலிருந்து எடுத்தால் தசையில் இருப்பு ஏறும், ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்க முடியும், மாதக்கணக்கில் அது தசையாகச் சேரும். சைவர்களுக்குத் தொடக்க இருப்பே குறைவு என்பதால் பலன் தெளிவாகத் தெரியும். சாதாரண மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். 20 கிராம் 'லோடிங்' செய்தால் ஒரு வாரத்தில் நிரம்பும், செய்யாவிட்டால் மூன்று நாலு வாரத்தில் நிரம்பும். அவசரம் இல்லாதவருக்கு இரண்டாவது வழி போதும். தசைக்குள் தண்ணீர் சேர்வதால் மெஷினில் ஒரு கிலோ வரை ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல். கிரியாட்டின் எடுப்பவருக்கு இரத்தச் சோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் கிரியாட்டின் உடைந்து உருவாகும் கழிவுதான் கிரியாட்டினின். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் சிறுநீரகத்துக்கான இன்னொரு இரத்தச் சோதனையான சிஸ்டாட்டின்-சி பார்த்துத் தெளிவாக்கிவிடலாம். ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டாம்.

பி.சி.ஏ.ஏ. என்பது புரதத்தின் 20 அமினோ அமிலங்களில் மூன்றை மட்டும் பிரித்து விற்பது. முட்டையிலும் வேயிலும் அந்த மூன்றும் இருக்கின்றன, மற்றவையும் இருக்கின்றன. எல்-கார்னிடின் கொழுப்பை, செல்லுக்குள் அதை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோவது உண்மை. ஆனால் உடம்பே அதைப் போதுமான அளவு செய்கிறது, கூடுதலாகக் குடிப்பதால் குறிப்பிடும்படி ஒன்றும் நடப்பதில்லை.

ஃபேட் பர்னரைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. அதில் வேலை செய்கிற பொருள் பெரும்பாலும் காஃபின். காபி குடித்தாலே கிடைக்கும். அடுத்தது கார்சினியா கம்போஜியா என்ற பெயரில் வருவது. வேறொன்றும் இல்லை, கேரளத்து மீன் குழம்பில் போடுகிற குடம்புளி. 1998இல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள்; வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை. குழம்பில் போட்டால் ருசி. செறிவாக்கி மாத்திரையாக்கியபோது கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. லேபிளில் இல்லாததுதான் இன்னும் ஆபத்து. மாரடைப்பு, பக்கவாத அபாயத்துக்காக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டு, இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின், 'இயற்கை' எடைக் குறைப்பு மாத்திரைகளுக்குள் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஜிம்மில் யாராவது 'டி.என்.பி.' என்று மஞ்சள் பொடியை நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள். முதல் உலகப் போரில் வெடிமருந்து ஆலைகளில் பயன்பட்ட ரசாயனம் அது. 1930களில் மெலிவதற்கு விற்று, ஆட்கள் செத்து, 1938இல் மனிதருக்கு ஏற்றதல்ல என்று அமெரிக்கா ஒதுக்கியது. உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், இறக்க மாற்று மருந்து கிடையாது.

கடைசியாக அப்பா. அவரை நீங்கள் செய்கிற மாதிரி திடீரென்று மாற்றாதீர்கள். கார்ப் குறைப்பது அவருக்கு உங்களைவிடவே அதிகம் பலன் தரக்கூடும், ஆனால் முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சோற்றைக் குறைத்த அன்றே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அளவை மருத்துவர் முன்கூட்டியே குறைக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் அப்படித்தான், உப்பும் தண்ணீரும் இறங்கும்போது அழுத்தமும் இறங்கும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடிகிற மாத்திரை இருந்தால் கடுமையான லோ-கார்ப் வேண்டவே வேண்டாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும் நிலை அதில் வரலாம். குளுக்கோமீட்டர் 180 என்று காட்டும், ஆனால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், சோர்வு இருக்கும். அப்படி வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாறு கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய், எந்த மாத்திரை சாப்பிடுகிறார், கார்ப் குறைத்திருக்கிறார் என்ற இரண்டையும் சொல்லிக் கீட்டோன் சோதிக்கச் சொல்லுங்கள்.